உடுவிலும் இணுவிலும்: யாழ்ப்பாணத்துக் கிறித்தவ மகளிர் பணி – ஒரு வரலாற்று நோக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தின் வரலாறு பெரும்பாலும் ஆடவர் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. வட்டுக்கோட்டைச் செமினரி, மானிப்பாய் அச்சகம், 1841இல் தோன்றிய ‘உதயதாரகை’, வின்சிலோவின் தமிழ் – ஆங்கில அகராதி, இவற்றுக்கு மறுமொழியாக எழுந்த ஆறுமுக நாவலரின் சைவக் கல்வி இயக்கம் என்பனவே அவ்வரலாற்றின் தூண்களாகக் கொள்ளப்படுகின்றன. இத்தூண்களுக்கிடையே பெண்கள் தென்படுவதில்லை. தென்படுமிடத்தும், யாரோ ஒருவரால் கல்வியூட்டப்பட்டவர்களாக, மருந்து கொடுக்கப்பட்டவர்களாக, மணம் முடித்து வைக்கப்பட்டவர்களாகவே தென்படுகின்றனர்.

ஆயின், அமெரிக்க மிசனின் பணியை அதன் மகளிர் பிரிவிலிருந்து நோக்குமிடத்து வேறொரு வரலாறு புலப்படும். பெண்களுக்காக நடத்தப்பட்ட பணி, பெண்களே உழைத்த பணி, பெண்களே முடிவெடுத்து நடத்திய பணி என மூன்றையும் வேறுபடுத்தி நோக்குதல் இவ்விடத்து அவசியமாகும். முதலாவது 1820களிலேயே தோன்றிவிட்டது. இரண்டாவது அதனோடு கூடவே வளர்ந்தது. மூன்றாவதோ நெடுங்காலம் கடல் கடந்த பெண்களுக்கே உரியதாயிருந்து, யாழ்ப்பாணப் பெண்களின் கைக்கு மிகத் தாமதமாகவே வந்து சேர்ந்தது. இத்தாமதம் ஏன் நிகழ்ந்தது என்பதே இக்கட்டுரையின் வினாவாகும்.

மிசனரியின் மனைவி

அமெரிக்க மிசன் சபை 1810இல் நிறுவப்பட்டது. அதன் முதற் குழுவினர் 1816இல் யாழ்ப்பாணத்தை அடைந்து, தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் நிலைகொண்டனர். பின்னர் உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய் ஆகிய இடங்களுக்கும் பணி விரிந்தது. குருமாரோடு அவர்தம் மனைவியரும் வந்தனர். மிசனின் ஏடுகளில் இம்மனைவியர் ‘உதவி மிசனரிமார்’ என்றே பதியப்பட்டனர். அவர்கள் மொழி பயின்றனர், திண்ணைகளிற் சிறுமியரைக் கூட்டி எழுத்தறிவித்தனர், தையல் பழக்கினர், தம் குழந்தைகளை இம்மண்ணிற் புதைத்தனர். எனினும், பணி பற்றிய முடிவுகள் குருமாரின் கூட்டத்திலேயே எடுக்கப்பட்டன.

இதன் மறுபாதி அமெரிக்காவில் நிகழ்ந்தது. பொஸ்ரன் நகரில் 1800ஆம் ஆண்டிலேயே மேரி வெப் என்னும் பெண்மணியின் முயற்சியால் மகளிர் மிசன் சங்கமொன்று உருவாகியிருந்தது. அதனைத் தொடர்ந்து, வாரம் ஒரு சதம் சேர்க்கும் சங்கங்கள் நியூ இங்கிலாந்தின் ஊர்கள் பலவற்றிற் பரவின. சொத்துரிமையும் வாக்குரிமையும் அற்றிருந்த அப்பெண்களுக்கு, வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்த சதமே பொதுவாழ்வின் வாயிலாயிற்று. அவர்கள் பணம் திரட்டினர். அதனைச் செலவிடும் அதிகாரம் ஆடவர் கையிலிருந்தது. யாழ்ப்பாணத்தில் மனைவியரின் நிலையும் பொஸ்ரனிற் சந்தாக்காரப் பெண்களின் நிலையும் இவ்வகையில் ஒன்றே எனலாம்.

உடுவிற் பாடசாலை

1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு, 1824இல், ஹரியற் வின்சிலோவும் அவர் கணவர் மிறன் வின்சிலோவும் உடுவிலிற் பெண்கள் விடுதிப் பாடசாலையை ஆரம்பித்தனர். ஆசியாவிற் பெண்களுக்கென எழுந்த முதல் விடுதிப் பாடசாலை என இது போற்றப்படுகின்றது. ஹரியற் அம்மையார் கனெற்றிக்கற் மாநிலத்து நோர்விச் நகரின் லாத்ரொப் குடும்பத்தவர். அவரும் அவர்தம் சகோதரியர் மூவரும் ஆக, ஒரு குடும்பத்துப் பெண்கள் நால்வர் யாழ்ப்பாண மிசனுக்கு வந்து சேர்ந்தமை குறிப்பிடத்தக்கது. ஹரியற் அம்மையார் 1833இல் உடுவிலிலேயே காலமானார். அதன்பின் பாடசாலைப் பொறுப்பு ஸ்போல்டிங் தம்பதியரைச் சார்ந்தது.

தொடக்கத்திற் பெற்றோரின் தயக்கம் பெரிதாயிருந்தது. அந்நியர் வளவிற் பெண் பிள்ளை உண்பதும் உறங்குவதும் சாதி ஆசாரத்துக்கும் குடும்ப மானத்துக்கும் இழுக்கெனக் கருதப்பட்டது. வட்டுக்கோட்டையில் மாணவருக்கான சமையலையே மிசன் வளவுக்கு வெளியே, வேளாளச் சமையற்காரரைக் கொண்டு நடத்த வேண்டியிருந்தது என்பதை நோக்கின், உடுவில் எதிர்கொண்ட இடர்ப்பாடு எத்தன்மையது என்பது விளங்கும். யாழ்ப்பாணத்துப் பெண்கள் முற்றாக இருளில் மூழ்கிக் கிடந்தனர் என மிசனரிமார் தம் கடிதங்களில் எழுதினர். இக்கூற்றினை அப்படியே ஏற்றல் பொருந்தாது. அக்கடிதங்கள் கடலுக்கப்பால் நிதி திரட்டும் பொருட்டு எழுதப்பட்டவை. இருளை மிகுத்துக் காட்டுந்தோறும் விளக்கெண்ணெய்க்குக் காசு சேரும். எனினும், பெண்கள் ஏடெடுத்துப் பயிலும் வழக்கம் அக்காலச் சமூகத்தில் அருகியே காணப்பட்டது என்பதில் ஐயமில்லை.

பாடசாலையின் நோக்கம் தெளிவானது. செமினரியிற் கற்று மதம் மாறும் இளைஞருக்குக் கிறித்தவ மனைவியர் வேண்டும். கிறித்தவ மனைவியரின்றிக் கிறித்தவ குடும்பம் நிலைபெறாது என மிசன் கருதியது. ஆகவே உடுவில், தோற்றத்தில், பெண்ணின் அறிவு வளர்ச்சியைத் தனக்கென ஒரு குறிக்கோளாகக் கொண்டிருக்கவில்லை. நல்ல மனைவியரை ஆக்குவதே அதன் குறிக்கோள். இதனை மிக வெளிப்படையாகக் காட்டுவது சீதன ஏற்பாடாகும். கல்வி முடியும் வரை பிள்ளையை விடுதியில் விடுவதற்குப் பெற்றோர் உடன்பட வேண்டும். அவ்வாறு கற்று முடித்துக் கிறித்தவரை மணக்கும் பெண்ணுக்கு மிசன் ஒரு சிறு சீதனம் வழங்கும்.

இவ்வேற்பாட்டின் பொருளை உணர்வதற்குத் தேசவழமையை நினைவிற் கொள்ளல் வேண்டும். 1707இல் ஒல்லாந்தராற் தொகுப்பிக்கப்பட்ட அவ்வழமைச் சட்டத்திற் சீதனம் பெண்ணுக்குரிய சொத்தாகும். பெண்ணின் சமூக நிலை அவளது சீதனத்தோடு பிணைந்திருந்தது. பெற்றோர் செய்ய வேண்டிய கடமையை மிசன் தன் தலைமேற் கொண்டமை, ஒருவகையிற் பெற்றோரின் இடத்தைத் தானே எடுத்துக்கொண்டமையாகும். ஊர் வழமையை மாற்ற வந்தோர் அவ்வழமையின் உறுதியான இழையொன்றையே தம் கருவியாக்கிக் கொண்டனர் என்பது சிந்திக்கத்தக்கது. சீதனமின்றிப் பெண் மணம் பெறலாம் என்னும் கருத்தை உடுவில் பரப்பவில்லை. கற்ற பெண்ணுக்கும் சீதனம் உண்டு என்பதையே அது உறுதிப்படுத்தியது.

அமெரிக்க நன்கொடையாளரின் பெயர்களை மாணவர்க்கு இடும் வழக்கமும் இங்குக் குறிப்பிடத்தக்கது. சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் ஆனதும், சிதம்பரப்பிள்ளை நெவின்ஸ் ஆனதும் இவ்வழியிலேயே. உடுவில் மாணவியருக்கும் இவ்வாறே பெயரிடப்பட்டது. ஆயின் ஒரு வேற்றுமை உண்டு. ஆர்னல்டும் நெவின்சும் பின்னர்த் தம் தமிழ்ப் பெயருடனேயே நூலாசிரியர்களாக வரலாற்றில் இடம்பெற்றனர். பெண்களுக்கோ தந்தை இட்ட பெயர், நன்கொடையாளர் இட்ட பெயர், கணவன் பெயர் என்னும் அடுக்குகளிடையே தம்பெயர் என ஒன்று எஞ்சவில்லை.

எலைசா அக்னியூ

1840இல் உடுவிலுக்கு வந்த எலைசா அக்னியூ இவ்வரலாற்றின் திருப்பமாவார். நியூயோர்க்கில் 1807இற் பிறந்த இவர் எவருடைய மனைவியாகவும் வரவில்லை. மணமாகாத ஆசிரியையாகவே வந்தார். ஏறத்தாழ நாற்பதாண்டுகள் பாடசாலையை நடத்தி, தாய்நாடு திரும்பாமலே 1883இல் மானிப்பாயிற் காலமானார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவியர் இவரிடம் பயின்றனர். ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறையினர் இவர் மாணவியராயிருந்ததுமுண்டு. ‘ஆயிரம் புதல்வியரின் தாய்’ என இவர் அழைக்கப்பட்டமை இதனாலேயே.

அக்னியூவின் காலத்திற் பாடசாலை ஒரு பெரும் நெருக்கடியைச் சந்தித்தது. 1855இல் மிசன் சபையின் செயலாளர் றூபஸ் அண்டர்சன் தலைமையில் வந்த தூதுக்குழு, ஆங்கிலக் கல்வி சமயப் பணிக்கு உதவாது எனக் கண்டு, வட்டுக்கோட்டைச் செமினரியை மூடச் செய்தது. உடுவிலிலும் மாணவியர் தொகையும் ஆங்கிலக் கல்வியும் குறைக்கப்பட்டன. எனினும் உடுவில் மூடப்படவில்லை. செமினரி மாணவர் ஆங்கிலம் கற்று அரசாங்க உத்தியோகத்துக்குச் சென்றனர். பெண்களுக்கு அத்தகைய உத்தியோகம் இல்லை. அவர்கள் ஊரிலேயே தங்கினர். ஆடவர் கல்விக்குக் கேடாய் முடிந்த அதே அளவுகோல் பெண் கல்வியைக் காத்தது எனலாம். பெண்ணுக்கு வாய்ப்பு மறுக்கப்பட்டிருந்தமையே அவளது பாடசாலை பிழைத்திருக்கக் காரணமாயிற்று.

மேலும், மனைவியரை ஆக்க எழுந்த பாடசாலை காலப்போக்கில் ஆசிரியையரை ஆக்கியது. ஊர்ப் பாடசாலைகளிற் சிறுமியர்க்குக் கற்பிக்க ஊர்ப் பெண்களே தேவைப்பட்டனர். சம்பளம் பெறும் தமிழ்ப் பெண் என்னும் புதியதொரு சமூகப் பாத்திரம் இவ்வழி தோன்றியது. நிறுவியோர் கருதாத விளைவு இது; ஆயின் நிலைத்து நின்ற விளைவும் இதுவே.

வேதாகம மாதரும் பிடியரிசியும்

பாடசாலை சிறுமியரை வளவுக்குள் அழைத்தது. வளவை விட்டு வெளிவராத மணமான பெண்களை அடைவது எவ்வாறு? ஆடவரான உபதேசியார் அடுக்களைப் பக்கம் செல்லவியலாது. இவ்விடைவெளியை நிரப்பியவர்கள் வேதாகம மாதர் ஆவர். 1857இல் இலண்டன் சேரிகளில் எலன் றனியாட் அம்மையார், அச்சேரிப் பெண்களுள் ஒருவரையே வேதப் புத்தகம் விற்கவும் வீட்டுச் சுகாதாரம் எடுத்துரைக்கவும் நியமித்தார். இம்முறை விரைவில் இந்தியாவிலும் இலங்கையிலும் பரவியது.

யாழ்ப்பாணத்தில் வேதாகம மாதராய்ப் பணிபுரிந்தோருட் பலர் நடுத்தர வயதினர், விதவைகளும் இருந்தனர். விதவை வெளியே நடமாடுவதை இழுக்கெனக் கொண்ட சமூகத்தில், கையிற் புத்தகமும் மாதச் சம்பளமுமாக வீடு வீடாகச் செல்லும் பெண்ணின் நிலை எளிதானதன்று. அவர்கள் வேதம் வாசித்தனர். கேட்போருக்கு எழுத்தும் கற்பித்தனர். கேட்டோரிற் பெரும்பாலோர் மதம் மாறவில்லை. ஆயின் எழுத்தைப் பெற்றுக்கொண்டனர். மதமாற்றத்தை அளவாகக் கொண்டு நோக்கின் இப்பணி சிறுபயனே தந்ததாகத் தோன்றும். எழுத்தறிவை அளவாகக் கொண்டு நோக்கின் தோற்றம் மாறிவிடும்.

தமிழ்க் கிறித்தவ பெண்கள் தாமாக நடத்திய அமைப்புக்கும் இக்காலத்திலேயே கால்கோள் இடப்பட்டது. ஒவ்வொரு வேளையும் உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை வேறாக எடுத்து வைத்துச் சபைக்குக் கொடுத்தல் அவர்கள் வழக்கமாயிற்று. பிடியரிசி எடுத்து அறச் செயலுக்கு வழங்குதல் சைவ மக்களிடையும் நிலவிய பழமரபாகும். பொஸ்ரன் பெண்ணின் ஒரு சதமும் யாழ்ப்பாணப் பெண்ணின் ஒரு பிடி அரிசியும் ஒரே தன்மையன: தன்பெயரிற் சொத்தில்லாத ஒருத்தி, தன் ஆட்சிக்குட்பட்ட ஒரே இடமாகிய அடுக்களையிலிருந்து பொதுக் காரியத்துக்கு அளித்த பங்கு. 1847இல் யாழ்ப்பாணக் கிறித்தவர் தமக்கெனச் சுதேச சுவிசேஷ சங்கமொன்றை நிறுவித் தீவுப் பகுதிகளிற் பணி செய்தனர். அத்தகைய முயற்சிகளின் கணக்குப் புத்தகத்தில் ஆடவர் பெயர் நிற்கும். அதன் அடியில் நின்றது இப்பெண்களின் அரிசிப் பானை.

மகளிர் மிசன் சபை

1861இல் நியூயோர்க்கிற் சாறா டொறிமஸ் அம்மையார் பெண்களின் ஐக்கிய மிசன் சங்கத்தை நிறுவினார். 1868இற் பொஸ்ரனில், அமெரிக்க மிசன் சபையைச் சார்ந்த பெண்கள் தமக்கெனத் தனியான மகளிர் மிசன் சபையை அமைத்தனர். அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில் மருத்துவமனைகளையும் நிவாரணப் பணியையும் நடத்திப் பெற்ற அனுபவம் இப்பெண்களுக்குத் துணிவூட்டியது. இப்போது அவர்கள் பணம் திரட்டுவதோடு நில்லாது, யாரை அனுப்புவது, எதற்குச் செலவிடுவது என்பவற்றிலும் தம் குரலை நிலைநாட்டினர். 1869 முதல் தமக்கென ஓர் இதழையும் நடத்தினர். உடுவிலும், வடமராட்சியில் எழுந்த உடுப்பிட்டிப் பெண்கள் பாடசாலையும், வேதாகம மாதரின் சம்பளமும் இச்சபையின் ஆதரவைப் பெற்றன.

மிசனரி மனைவிக்குப் பதிலாக மணமாகாத பெண் மிசனரி இப்பணியின் மையமானாள். அவளுக்குத் தனிப் பொறுப்பும் தனி வரவு செலவும் இருந்தன. ஆயின் இவ்வுயர்வு யாழ்ப்பாணப் பெண்ணுக்குப் பகிர்ந்தளிக்கப்படவில்லை. தமிழ் ஆசிரியையும் வேதாகம மாதும் அறிக்கைகளிற் பெரும்பாலும் தொகையாகவே இடம்பெற்றனர். அமெரிக்கப் பெண் தன் நாட்டு ஆடவரிடமிருந்து வென்றெடுத்த உரிமையைத் தன் தமிழ்ச் சகோதரிக்கு வழங்க முன்வரவில்லை என்பது இவ்வரலாற்றின் முரண்பாடாகும்.

இணுவில் வைத்தியசாலை

மருத்துவத் துறையில் இம்முரண்பாடு கூர்மையடைந்தது. 1847இல் வந்த டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்துச் சாதனை புரிந்தார். ஆயினும் அவரிடம் பயின்றோர் ஆடவர். பிள்ளைப்பேறு முதலிய பெண் நோய்களுக்கு ஆண் வைத்தியரை நாட யாழ்ப்பாணக் குடும்பங்கள் உடன்படவில்லை. பெண் வைத்தியர் வேண்டும் என்னும் கோரிக்கை இதனால் வலுப்பெற்றது.

1880இல் அமெரிக்காவின் வெர்மன்ற் மாநிலத்திலிருந்து வந்த மேரி லீச், மார்கிறற் லீச் என்னும் சகோதரியர் இக்கோரிக்கையைச் செயலாக்கினர். இலங்கையில் ஏழாண்டுகள் பணிபுரிந்த அனுபவத்தை 1890இல் நூலாக வெளியிட்டு, பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் கூட்டங்கள் நடத்தி நிதி திரட்டினர். அதன் விளைவாக 1898இல் இணுவிலிற் பெண்களுக்கான மக்லியொட் வைத்தியசாலை திறக்கப்பட்டது. 1896இல் வந்த டொக்டர் இசபெல்லா கேர் அதனை நீண்ட காலம் நடத்தினார். அங்குத் தமிழ்ப் பெண்கள் தாதியராய்ப் பயிற்சி பெற்றனர். ஆசிரியைக்கு அடுத்ததாக, தாதி என்னும் தொழில் தமிழ்ப் பெண்ணுக்குத் திறந்தது. வீட்டுக்கு வெளியே, பிற சாதியினரின் உடலைத் தொட்டுப் பராமரிக்கும் தொழிலாதலின், ஆசிரியத் தொழிலினும் இது கடினமான எல்லையொன்றைக் கடந்ததாகும்.

இதே 1896இல் யாழ்ப்பாணப் பணிக்கென நியமிக்கப்பட்ட மற்றொரு வைத்தியரின் கதை வேறாயிற்று. கனடாவில் 1873இற் பிறந்து மருத்துவம் பயின்ற மேரி இர்வின், புறப்படுமுன் நியூயோர்க்கில் யாழ்ப்பாணத் தமிழரான சாமுவேல் கிறிஸ்மஸ் கனக இரத்தினத்தை மணந்திருந்தார். மணமகனும் கிறித்தவரே. எனினும், வெள்ளைக்காரப் பெண் தமிழரை மணந்தமையை அறிந்த மிசனரிமார் அவரைத் தம் பணியிற் சேர்த்துக்கொள்ள மறுத்தனர். கிறித்துவுக்குள் அனைவரும் ஒன்று எனப் போதித்த நிறுவனம், அப்போதனை தன் இல்லத்து முற்றத்துக்கு வந்தபோது கதவை அடைத்தது. கற்ற கிறித்தவ ஆடவனுக்குக் கற்ற கிறித்தவ மனைவி வேண்டும் என்பதற்காகவே உடுவில் எழுந்தது என்பதை ஒப்புநோக்கின், இம்மறுப்பின் உட்பொருள் விளங்கும். அக்குறிக்கோளில் இன எல்லை சொல்லாமலே அடங்கியிருந்தது.

மிசன் இழந்ததை நாடு பெற்றது. கொழும்பில் வைத்தியராய் நிலைகொண்ட மேரி இரத்தினம், 1904இல் இலங்கை மகளிர் ஒன்றியத்தையும், 1930இல் கிராமப் பெண்களுக்கான லங்கா மகிளா சமித்தியையும் உருவாக்குவதில் முன்னின்றார். 1927இல் தோன்றிய பெண்கள் வாக்குரிமைச் சங்கத்திலும் இவருக்குப் பெரும் பங்குண்டு. 1931இல் இலங்கைப் பெண்கள் சர்வசன வாக்குரிமை பெற்றனர். 1937இற் கொழும்பு மாநகர சபைக்கு இவர் தெரிவானார்; 1958இல் மக்சாசே விருது பெற்றார். கிறித்தவ மகளிர் பணியில் வளர்ந்த அமைப்புத் திறன், மதவெல்லையைக் கடந்து நாட்டுப் பெண்களின் உரிமைக் கோரிக்கையாக மாறியமைக்கு இவர் வாழ்வு தக்க சான்றாகும்.

தொடர்ச்சியும் மாற்றமும்

அமெரிக்க மிசன் இப்பணியில் தனித்து நிற்கவில்லை. மெதடிஸ்த மிசனின் வேம்படி மகளிர் பாடசாலை, 1862இல் யாழ்ப்பாணம் வந்த திருக்குடும்பக் கன்னியரின் கன்னியர்மடப் பாடசாலை, 1896இல் அங்கிலிக்கன் மிசன் தொடங்கிய சுண்டிக்குளி மகளிர் கல்லூரி என்பனவும் இதற்குத் துணைநின்றன. இவற்றின் வளர்ச்சி சைவ சமூகத்தையும் செயற்படத் தூண்டியது. 1848இல் நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது ஆண்பிள்ளைகளின் கல்வியே முதன்மை பெற்றிருந்தது. 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் பெண்களுக்கெனக் கல்லூரி நிறுவியபோதோ, அது உடுவிலுக்கு மிக அண்மையிலேயே அமைந்தது. சைவப் பெண்ணும் கற்க வேண்டும் என்பது அதற்குள் விவாதத்துக்கு அப்பாற்பட்டதாகிவிட்டது.

யாழ்ப்பாண மிசனின் மற்றொரு கிளை தமிழகத்திற் தழைத்தது. 1820 முதல் பண்டத்தரிப்பிற் பணிபுரிந்து, 1836இற் சென்னைக்குச் சென்ற டொக்டர் ஜோன் ஸ்கடரின் பேர்த்தியான ஐடா ஸ்கடர், 1918இல் வேலூரிற் பெண்களுக்கான மருத்துவப் பாடசாலையைத் தொடங்கினார். இணுவில் தாதியரை ஆக்கியது. வேலூர் பெண்களை வைத்தியராகவே ஆக்கியது. யாழ்ப்பாணப் பணியின் எல்லை எங்கே நின்றது என்பதை இவ்வொப்பீடு காட்டும்.

1927இல் அமெரிக்காவின் மகளிர் மிசன் சபைகள் ஆடவர் தலைமையிலான மிசன் சபையுடன் இணைக்கப்பட்டன. நிருவாகச் சிக்கனம் காரணமாகக் கூறப்பட்டது. ஏறத்தாழ அறுபதாண்டுகள் பெண்கள் தாமே நடத்திய ஓர் அமைப்பு இவ்வாறு மறைந்தது. யாழ்ப்பாணத்திலோ எதிர்த்திசையில் மாற்றம் நிகழ்ந்தது. 1941இல் அரியம் ஹட்சன் பரமசாமி அம்மையார் உடுவில் மகளிர் கல்லூரியின் முதற் சுதேச அதிபரானார். பாடசாலை தோன்றி நூற்றுப் பதினேழு ஆண்டுகளின் பின்னரே யாழ்ப்பாணப் பெண்ணொருவர் அதன் தலைமையை ஏற்றார். ஒப்புநோக்குக்கு ஒன்று கூறலாம்: 1947இல் தென்னிந்தியத் திருச்சபை தோன்றியபோதே அதன் யாழ்ப்பாண அத்தியட்சாதீனத்துக்குத் தமிழரான எஸ். குலேந்திரன் பேராயரானார். திருச்சபையின் குருத்துவமோ 1976 வரை பெண்களுக்குத் திறக்கவில்லை. அவ்வாண்டில் எலிசபெத் போல் அம்மையார் அத்திருச்சபையின் முதற் பெண் குருவாக அபிஷேகம் பெற்றார். 2013இலேயே அங்கு ஒரு பெண் பேராயராக முடிந்தது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்துச் சில முடிவுகள் பெறப்படும். முதலாவதாக, இப்பணியின் நிலைத்த விளைவுகள் அதன் நோக்கங்களிலிருந்து வேறுபட்டன. மனைவியரை நாடிய பாடசாலை ஆசிரியையரைத் தந்தது. மதமாற்றம் நாடிய வீட்டுப் பணி எழுத்தறிவைத் தந்தது. இரண்டாவதாக, பெண்கள் பணத்தையும் உழைப்பையும் அளித்த ஒவ்வோரிடத்திலும் முடிவெடுக்கும் அதிகாரம் பிந்தியே வந்தது. அமெரிக்கப் பெண்ணுக்கு முன்னும், தமிழ்ப் பெண்ணுக்கு அவளுக்குப் பின்னும் வந்தது. மூன்றாவதாக, இத்தாமதத்துக்குத் தமிழ்ச் சமூகத்தின் பழமைப் பற்று மட்டும் காரணமன்று. தமிழ்ப் பெண் கற்க வேண்டும் என விரும்பியோரே அவள் நடத்த வேண்டும் என எண்ணவில்லை.

உடுவிலின் வரலாறு அதன் அதிபர்களின் வரிசையாகவும், இணுவிலின் வரலாறு அதன் வைத்தியர்களின் வரிசையாகவும் எழுதப்பட்டுள்ளன. பிடியரிசி எடுத்து வைத்தவளும், ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து எழுத்தறிவித்தவளும், இரவெல்லாம் பிள்ளைப்பேற்றுக் கட்டிலருகே நின்ற தாதியும் அவ்வரிசைகளில் இல்லை. திருச்சபைப் பதிவேடுகளும், கணக்குப் புத்தகங்களும், முதிய மாணவியரின் நினைவுகளும் இன்னும் முழுமையாக ஆராயப்படவில்லை. போரிலும் இடப்பெயர்விலும் இவற்றுள் எத்தனையோ அழிந்தன. எஞ்சியவற்றைப் பேணுதல் காலதாமதமின்றிச் செய்யப்பட வேண்டியதாகும். பெயரற்றுப் போனோரின் பெயர்களைத் தேடி எடுக்கும்போதே யாழ்ப்பாணத்தின் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரலாறு முழுமை பெறும்.